ஆயில் கேஜ் முள் தாழ்ந்தால்: பழைய லாரியில் காரணம் அறியும் முறை

கரும்பு வெட்டும் பருவத்தில் லாரி வைத்திருக்கும் குடியானவருக்கு ஒரு நாள் தாமதமும் நஷ்டமே. வெட்டிய கரும்பு வெயிலிற் கிடக்குந்தோறும் எடையும் சர்க்கரைச் சத்தும் குறைந்துகொண்டே போகும். 24 மணி நேரத்துக்குள் ஆலை சேர்ப்பதே நலம். அத்தகைய சமயத்தில், பாரமேற்றி நிற்கும் பழைய லாரியின் ஆயில் கேஜ் முள் வழக்கத்தைவிடத் தாழ்ந்து காணப்படுமாயின், இரு தவறுகளுள் ஒன்று நேரிடுவது சகஜம். ஒன்று, கேஜ் பழையது, அதை நம்பவேண்டியதில்லை என்று எண்ணி ஓட்டிக்கொண்டே சென்று கிராங்க் ஷாஃப்டைக் கெடுத்துவிடுவது. மற்றொன்று, யாரோ ஒருவர் சொன்ன சொல்லுக்காக என்ஜின் முழுவதையும் பிரித்துப் பெருந்தொகை செலவிட்டு, முடிவில் பழுது கேஜிலேயே இருந்தது என்று அறிவது.

இவ்விரு நஷ்டங்களையும் தவிர்ப்பதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டுவதில்லை. செலவில்லாத சோதனையை முதலிலும், செலவு மிக்கதைக் கடைசியிலும் வைத்து, வரிசை தவறாமற் செய்து வந்தால் போதும். அவ்வரிசையும் அதற்குரிய காரணங்களும் இங்கே கூறப்படும்.

அழுத்தம் உண்டாகும் விதம்

என்ஜினுக்கு அடியிலுள்ள சம்பிலிருந்து ஒரு சிறு பம்பு எண்ணெயை உறிஞ்சிக் குழாய்களின் வழியே பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. பம்பு அனுப்புவது எண்ணெயையேயன்றி அழுத்தத்தையன்று. அவ்வெண்ணெய் பேரிங்குகளின் குறுகிய இடைவெளி வழியாக வெளியேற முயலும்போது ஏற்படும் தடையே அழுத்தமாகக் கேஜில் தெரிகிறது.

இதனை வாய்க்காற் பாசனத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எளிதில் விளங்கும். தலைமடையில் ஒரே அளவாக நீர் வந்துகொண்டிருந்தாலும், வயல்மடைகள் குறுகலாக இருக்கும் வரையில் வாய்க்காலில் நீர்மட்டம் உயர்ந்து நிற்கும். வயல்மடைகள் அரித்து அகன்றால் மட்டம் இறங்கும். நடுவழியிற் கரை உடைந்தாலும் இறங்கும். தலைமடையிற் குப்பை அடைத்துக்கொண்டாலும் இறங்கும். மட்டம் அளக்க நட்ட கோல் சாய்ந்துவிட்டாலோ, இறங்காத நீரும் இறங்கியதாகத் தோன்றும். லாரியிலும் இவ்வாறே. அழுத்தம் குறைவாகத் தெரிவதற்குக் காரணங்கள் ஐந்து: கேஜ் தவறாகக் காட்டுதல், எண்ணெய் குறைந்துபோதல் அல்லது நீர்த்துப்போதல், ரிலீஃப் வால்வு வழியே எண்ணெய் சம்புக்குத் திரும்பி ஓடுதல், பம்போ அதன் சல்லடையோ கெட்டிருத்தல், பேரிங்குகள் தேய்ந்து அகன்றிருத்தல். இவற்றுள் கடைசி ஒன்றே பெருஞ்செலவுக்குரியது.

கேஜ் காட்டும் அழுத்தந்தான் கிராங்க் ஷாஃப்டைத் தூக்கி நிறுத்துகிறது என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. இங்கிலாந்தில் 1883-ஆம் வருஷத்தில் பொச்சாம்ப் டவர் என்ற என்ஜினீயர் ஒரு பேரிங்கைச் சோதித்தபொழுது, எண்ணெய் ஊற்றுவதற்காக அதன் மேற்பகுதியிலிட்ட துவாரத்தின் வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. மரக்கட்டையால் அடைத்தும் கட்டை வெளியே தள்ளப்பட்டது. 200 ராத்தல் வரை காட்டவல்ல கேஜை அங்கே பொருத்திப் பார்த்ததில் அதுவும் போதவில்லை. அங்கே பம்பு எதுவும் எண்ணெயை அழுத்தித் தள்ளவில்லை. சுழலும் தண்டே எண்ணெயை இடுக்கிற்குள் இழுத்துச் சென்று அவ்வளவு அழுத்தத்தையும் உண்டாக்கிற்று. இதன் கணிதத்தை 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் விளக்கினார். ஆகவே பம்பின் வேலை, அவ்விடுக்கு ஒருபோதும் வறண்டுபோகாதபடி எண்ணெயைக் கொண்டுசேர்ப்பதேயாகும். கேஜ் முள் தாழ்ந்தவுடனே என்ஜின் கெட்டுவிட்டதென்று அஞ்சவேண்டுவதில்லை என்பதும், எண்ணெய் வருவதே நின்றுபோனால் ஒரு சில நிமிஷங்களில் பேரிங் உருகிவிடும் என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

எவ்வளவு அழுத்தம் சரியானது?

எல்லா லாரிகளுக்கும் ஒரே அளவு சொல்ல இயலாது. எண்ணெயை எல்லாப் பேரிங்குகளுக்கும் அழுத்தத்தோடு அனுப்பும் என்ஜின்களில், நன்கு சூடேறிய பின், நிமிஷத்துக்கு 1,000 சுற்றுக்குச் சதுர அங்குலத்தில் சுமார் 10 ராத்தல் என்பது ஓர் உத்தேச விதி. கேஜில் சதுர செண்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று குறித்திருந்தால், 14 ராத்தலை ஏறத்தாழ ஒரு கிலோவாகக் கொள்ளலாம். எனினும், அந்தந்த லாரியின் கைப்புத்தகத்திற் கண்ட அளவே பிரமாணம்.

புத்தகத்தைப் பாராமல் முடிவு செய்வதால் வரும் கேட்டிற்குப் பழைய செவர்லே லாரி தக்க உதாரணம். 1945-இல் யுத்தம் முடிந்தபின் ராணுவம் கழித்த லாரிகள் இந்தியாவில் விற்கப்பட்டபொழுது, கானடாவிற் செய்த செவர்லே லாரிகள் பல பொதுமக்கள் கைக்கு வந்தன. இப்பொழுது அவை மிக அரியன; பழைய வாகனங்களில் பற்றுள்ளவர்களிடமே காணலாம். அவற்றிலிருந்த 216 கன அங்குல ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினில், மெயின் பேரிங்குகளுக்கு எண்ணெய் அழுத்தத்தோடு செல்லும்; ராடு பேரிங்குகளுக்கு அவ்வாறு செல்லாது. கனெக்டிங் ராடுகளின் அடியில் சிறு கரண்டி போன்ற உறுப்புக்கள் உண்டு. மெதுவாக ஓடும்போது அவை சம்பிலுள்ள தொட்டிகளிலிருந்து எண்ணெயை முகந்துகொள்ளும். வேகமாக ஓடும்போது சிறு குழாய்களிலிருந்து பீறிடும் எண்ணெய் அக்கரண்டிகளின் மேற் படும். இந்த ஏற்பாட்டுக்கு அதிக அழுத்தம் தேவையில்லை. ஆகையால் கேஜில் 30 ராத்தல் வரையே குறியிட்டிருக்கும். ஓட்டத்தில் முள் 14 ராத்தலுக்கு அருகில் நிற்பதே இயல்பு. 1954-ஆம் வருஷத்திய செவர்லே என்ஜின்களில் முழு அழுத்த முறை வந்தது. அவற்றின் கேஜ் 60 ராத்தல் வரை காட்டும். பிந்திய லாரியை ஓட்டிப் பழகியவர் முந்திய லாரியின் 14 ராத்தலைக் கண்டு பேரிங் போயிற்று என்று முடிவு செய்தால், நல்ல என்ஜினைப் பிரித்த பாவம் அவரைச் சேரும். புதிய லாரியிலிருந்து கழற்றிய கேஜைப் பழையதிற் பொருத்தினாலும் இதே மயக்கம் உண்டாகும்.

முள்ளின் போக்கு

சோதனை தொடங்குமுன், முள் எப்பொழுது எவ்வாறு தாழ்கிறது என்பதை டிரைவரிடம் விசாரித்தறிதல் அவசியம். பாதிக் காரணம் இதிலேயே வெளிப்படும்.

காலையிற் குளிர்ந்த என்ஜினில் நல்ல அழுத்தம் காட்டி, சூடேறிய பின் மெதுவான ஓட்டத்தில் மட்டும் தாழ்ந்து, வேகம் கூடியதும் ஏறினால், எண்ணெய் நீர்த்திருக்கலாம். அல்லது பேரிங்குகளோ பம்போ ஓரளவு தேய்ந்திருக்கலாம். சூட்டினால் எண்ணெய் இளகுவது சிறிதன்று. 30-ஆம் நம்பர் எண்ணெயின் குழம்புத்தன்மை 40 டிகிரி சென்டிகிரேடில் இருப்பதைவிட 100 டிகிரியில் எட்டு ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆதலால் சூடான என்ஜின் மெதுவாக ஓடுகையில் முள் சற்று இறங்குவது எல்லா லாரிகளிலும் உள்ளதே.

வளைவிலும் ஏற்றத்திலும் பிரேக் போடும்போதும் முள் துள்ளி விழுந்து பின் எழுமாயின், சம்பில் எண்ணெய் குறைவு. உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது என்பது பொருள். குளிரிலும் சூட்டிலும், வேகத்திலும் நிதானத்திலும் ஒரேமாதிரியாகத் தாழ்ந்தே நின்றால், ரிலீஃப் வால்வையோ கேஜையோ சந்தேகிக்கவேண்டும். முதலில் நன்றாக நின்று, தொடர்ந்து வேகமாக ஓட்டும்போது படிப்படியாக இறங்கினால், சல்லடை அடைபட்டிருக்கக்கூடும். பல மாதங்களாகச் சிறிது சிறிதாக இறங்கி வந்தது தேய்மானத்தைக் காட்டும். நேற்று வரை நன்றாயிருந்து இன்று திடீரென்று பூஜ்யத்துக்கு வந்தது தேய்மானத்தினாலன்று. குழாய் விடுதலோ, வால்வு சிக்குதலோ, பம்பை ஓட்டும் தண்டு ஒடிதலோ, எண்ணெய் ஒழுகிப்போதலோ காரணமாகும். இத்தகைய விழுக்காடு வழியில் நேர்ந்தால் உடனே என்ஜினை நிறுத்தவேண்டும். அடுத்த ஊர் வரையில் ஓட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணம் ஆகாது.

முதற் சோதனை: எண்ணெய்

லாரியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிஷங்கள் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடியும் இட்டுப் பார்க்கவேண்டும். எண்ணெய் குறைந்திருந்தால் நிரப்பி, அது எங்கே போயிற்று என்பதையும் தேடவேண்டும்.

குறைவைவிடக் கவனிக்கத்தக்கது மிகுதி. ஊற்றாமலே எண்ணெய் மட்டம் ஏறுமாயின், லாரி எண்ணெய் குடிப்பதில்லை என்று மகிழ்வது பேதைமை. பெட்ரோல் என்ஜினில் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தாலும், டீஸல் என்ஜினில் இன்ஜெக்டர் ஒழுகினாலும், எரிபொருள் சம்பில் இறங்கி எண்ணெயோடு கலந்துவிடும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் வாடை தெரியும். இரு விரல்களுக்கிடையே தேய்த்தால் வழவழப்பின்றி நீராக இருக்கும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் ரேடியேட்டர் நீர் கலந்திருக்கிறது. எப்படியாயினும் அவ்வெண்ணெயை வடித்துவிட்டு, கலப்புக்குக் காரணமான பழுதை நீக்கி, கைப்புத்தகத்திற் சொல்லிய நம்பர் எண்ணெயை இட்டுச் சோதிக்கவேண்டும். பல லாரிகளில் அழுத்தக் குறைவு இவ்வளவிலேயே நீங்கிவிடும்.

இரண்டாஞ் சோதனை: கேஜ்

பழைய லாரிகளில் என்ஜினிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று டிரைவர் முன்னுள்ள கேஜுக்கு எண்ணெயையே கொண்டுவரும். கேஜினுள் வளைந்த தட்டைக்குழாய் ஒன்றுண்டு. அழுத்தம் ஏறும்போது அது நிமிர முயன்று முள்ளைத் தள்ளும். பிரான்ஸ் தேசத்து யூஜீன் பூர்தோன் என்பவர் 1849-இல் உரிமை பெற்ற அமைப்பு இது. எளியதும் உறுதியானதுமாயினும், ஆண்டுகள் செல்லச்செல்ல அக்குழாய் தளர்வதும், செப்புக்குழாய் நசுங்குவதும், கசடு அடைப்பதும் உண்டு.

கேஜ் மெய் சொல்கிறதா என்பதை அறிய ஒரே வழி, அளவு சரியென்று தெரிந்த மற்றொரு கேஜை என்ஜினிலுள்ள அதே துவாரத்திற் பொருத்திப் பார்ப்பதே. என்ஜினை நன்றாகச் சூடேற்றி, நிதான ஓட்டத்தில் ஒரு முறையும், சாலையில் ஓடும் வேகத்துக்குச் சமமான சுற்றில் ஒரு முறையும் பார்த்து இரண்டையும் எழுதிக்கொள்ளவேண்டும். குளிர்ந்த என்ஜினிற் பார்த்த அளவு எதற்கும் உதவாது. மின்சாரக் கேஜாக இருந்தால், என்ஜினில் திருகியுள்ள யூனிட்டும், கம்பியும், கேஜும் ஆகிய மூன்றில் எதுவும் கெட்டிருக்கலாம். அங்கும் யூனிட்டைக் கழற்றிவிட்டு எண்ணெயால் இயங்கும் சோதனைக் கேஜை இணைத்துப் பார்ப்பதே தீர்ப்பு.

சோதனைக் கேஜின் விலை ஒரு பேரிங் செட்டின் விலைக்கு முன் அற்பம். பல லாரிகள் உள்ள ஊரில் இரண்டு மூன்று பேர் கூடி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நலம். இந்தச் சோதனை முடியும் முன் என்ஜினில் ஒரு போல்ட்டையும் தளர்த்தலாகாது.

மூன்றாஞ் சோதனை: ரிலீஃப் வால்வு

குளிர்ந்த எண்ணெயால் அழுத்தம் வரம்பு மீறாதபடி காப்பது இவ்வால்வு. வரம்பு கடந்தால் ஸ்பிரிங்கைத் தள்ளித் திறந்து எண்ணெயைச் சம்புக்குத் திருப்பிவிடும். சில என்ஜின்களில் பம்பின் மூடியிலும், சிலவற்றில் பிளாக்கின் பக்கத்திலும் இது அமைந்திருக்கும். வெளியிலிருந்தே எட்டக்கூடியதானால் சம்பைக் கழற்றுமுன் இதைக் கழற்றிப் பார்க்கவேண்டும். ஒரு துணுக்கு உலோகமோ கசடோ இடையிற் சிக்கினால் வால்வு மூடாது. உடைந்த கரைபோல் எண்ணெய் முழுவதும் அவ்வழியே ஓடும். வால்வையும் அது அமரும் இடத்தையும் சுத்தம் செய்து, கீறலிருந்தால் மாற்றி, ஸ்பிரிங்கைப் புதியதோடு ஒப்பிட்டுக் குட்டையாயிருந்தால் அதையும் மாற்றவேண்டும்.

இங்கே ஒரு தவறான வழக்கத்தைக் கண்டித்தல் அவசியம். அழுத்தம் ஏறட்டும் என்று ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவதும், அதன் அடியில் வாஷர் இடுவதும் சிலர் செய்வது. நல்ல நிலையிலுள்ள வால்வு, அழுத்தம் வரம்புக்குக் கீழிருக்கும்போது முன்னமே மூடியேயிருக்கிறது. மூடிய மதகை இன்னும் அழுத்தி மூடுவதால் வாய்க்காலில் நீர் ஏறுவதெப்படி? குளிர்ந்த என்ஜினில் அழுத்தம் அளவு மீறி, பம்பை ஓட்டும் தண்டும் பற்சக்கரமும் வருந்துவதே இதன் பயன்.

நான்காஞ் சோதனை: சல்லடையும் பம்பும்

மேற்கூறியவற்றால் காரணம் தெரியாவிட்டால் சம்பைக் கழற்றவேண்டும். கழற்றியவுடன் கழுவிவிடாமல், அடியில் தங்கிய கசட்டை முதலிற் பார்க்கவேண்டும். வெள்ளை உலோகத் துணுக்குகளோ செம்புநிறத் தூளோ காணப்பட்டால் பேரிங் தேய்கிறது என்று நிச்சயம். கருங்கசடு மட்டுமே தடித்துப் படிந்திருந்தால் சல்லடையை நோக்கவேண்டும். பல வருஷங்கள் பழைய வகை எண்ணெயில் ஓடிய என்ஜினில், அழுக்கைக் கரைக்கும் இக்காலத்து எண்ணெயைத் திடீரென்று ஊற்றினால், படிந்திருந்த கசடு பெயர்ந்து சல்லடையை அடைப்பதுண்டு. ஆதலின் எண்ணெய் வகையை மாற்றுமுன் சம்பைக் கழற்றிச் சுத்தம் செய்துகொள்வது உத்தமம்.

உறிஞ்சு குழாயின் இணைப்பிற் காற்று புகுகிறதா, விரிசல் உண்டா என்பதையும் பார்க்கவேண்டும். பம்பின் மூடியைக் கழற்றி, பற்சக்கரங்கள் மூடியின் உட்புறத்தில் பள்ளம் பறித்திருக்கின்றனவா என்று நேர்க்கோலை வைத்துப் பார்த்தால் தெரியும். பள்ளம் சிறிதாயின் மூடியைத் தட்டையாகத் தேய்த்துச் சமன் செய்யலாம். பற்களே தேய்ந்திருந்தால் பம்பை மாற்றவேண்டும். மறுபடி பூட்டும்போது பம்பை எண்ணெயால் நிரப்பிப் பூட்டாவிடில், முதல் ஓட்டத்தில் அது உறிஞ்சாமல் வறண்டு சுழலும்.

முற்கூறிய செவர்லே போன்ற என்ஜினில், சம்பைக் கழற்றியிருக்கும்போதே எண்ணெய் பீறிடும் குழாய்களின் முகம் சரியான திக்கை நோக்குகிறதா என்பதையும் சோதிக்கவேண்டும். குழாய் வளைந்திருந்தால் எண்ணெய் கரண்டியிற் படாது. கேஜில் அழுத்தம் குறைவின்றித் தெரியும். ராடு பேரிங்கோ வறண்டு கெடும். கேஜ் சொல்வது மெயின் பேரிங்குக்குச் செல்லும் எண்ணெயைப் பற்றியே என்பதை இதனால் அறிக.

ஐந்தாஞ் சோதனை: பேரிங்குகள்

இறுதியிற் பார்க்கவேண்டியது பேரிங் இடைவெளி. தண்டின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஓர் அங்குலம் இடைவெளி என்பது பொது விதி. நுட்பமான அளவு கைப்புத்தகத்திற் காண்க. மெல்லிய பிளாஸ்டிக் இழையைத் தண்டின்மேல் வைத்து மூடியை முறைப்படி இறுக்கிக் கழற்றி, இழை நசுங்கிய அகலத்தைக் கொண்டு இடைவெளியை அளக்கலாம்.

தேய்மானம் சிறிதாகத் தோன்றினும் விளைவு பெரிது. ஒரே அழுத்தத்தில் பேரிங்கின் வழியே ஒழுகும் எண்ணெயின் அளவு, இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தின்படி ஏறும். அஃதாவது, இடைவெளி இரட்டித்தால் ஒழுக்கு எட்டு மடங்காகும். புதிய பம்பு போட்டும் முள் ஏறாமைக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. கேம் ஷாஃப்ட் புஷ்கள் தேய்ந்திருந்தாலும் இவ்வாறே எண்ணெய் ஒழுகிப்போகும். இவற்றைப் பாராது விட்டு மெயின் பேரிங்குகளை மட்டும் மாற்றினால் செலவு வீணாகலாம். பழைய செவர்லே என்ஜின்களில் பேரிங் மூடிகளினடியில் ஷிம் என்னும் மெல்லிய தகடுகள் உண்டு. தேய்வுக்கேற்ப அவற்றை எடுத்து இடைவெளியைக் குறைக்கலாம். தகடில்லாத என்ஜினில் மூடியை அரத்தால் அராவுவது பெருந்தவறு. துவாரம் வட்டம் கெட்டுப் பின் சீர்ப்படுத்துவது அரிதாகும்.

செய்யத்தகாத ஒன்று

முள் தாழ்ந்தவுடன் தடித்த எண்ணெயை ஊற்றுவது எங்கும் காணும் வழக்கம். முள் ஏறுவது மெய்யே. தேய்ந்த பேரிங் தேறிவிட்டது என்பது பொய். எண்ணெய் தடித்ததால் காலையில் அது பேரிங்குகளைச் சேரத் தாமதமாகும். என்ஜினில் தேய்வு மிகுவதும் அந்நேரத்திலேயே. எண்ணெயை முகந்துகொள்ளும் வகை என்ஜினில் தடித்த எண்ணெய் துவாரங்களிற் புகாமல் ராடுகளுக்குப் பற்றாக்குறையே உண்டாக்கும். காய்ச்சலுக்கு மருந்து தராமல் நோயாளியின் நெற்றியிற் குளிர்ந்த நீரை வைத்துவிட்டுத் தெர்மாமீட்டரைப் பார்த்து மகிழ்வது போன்றது இது.

பாரத்தோடு நிற்கும் லாரி

அப்படியாயின், கரும்பேற்றி நிற்கும் லாரியை என்ன செய்வது? எண்ணெய் அளவும் தன்மையும் சரியாயிருந்து, சோதனைக் கேஜ் சூடான என்ஜினில் கைப்புத்தகத்தின் அளவைக் காட்டினால், தயங்காமல் ஆலைக்கு அனுப்பலாம். பழைய கேஜை ஓய்ந்த நாளில் மாற்றிக்கொள்ளலாம். எண்ணெய் குறைந்திருந்ததே காரணமாகி, நிரப்பியவுடன் முள் நிலைத்து நின்றாலும் அவ்வாறே அனுப்பி, வழியில் இரண்டு மூன்று முறை மட்டம் பார்க்கவேண்டும். சோதனைக் கேஜிலும் அழுத்தம் குறைவாயிருந்தாலோ, அடியிலிருந்து தட்டும் ஓசை கேட்டாலோ, கரும்பை வேறு வண்டிக்கு மாற்றுவதே புத்தி. வாடகை வண்டிக்குக் கொடுக்கும் கூலி ஒரு நாளோடு போகும். கெட்ட கிராங்க் ஷாஃப்டோ, கடைந்து சீர்செய்து வருவதற்குள் அறுவடைப் பருவத்தையே கொண்டுபோய்விடும்.

லாரியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்து, மாதத்துக்கொருமுறை சூடான என்ஜினின் அழுத்தத்தையும், ஊற்றிய எண்ணெயின் அளவையும், மாற்றிய தேதியையும் குறித்து வருவது நன்று. அளவு மாதந்தோறும் இறங்கி வருவது கண்டால், பருவம் தொடங்குமுன் ஓய்வு நாட்களில் என்ஜினைப் பிரித்துப் பழுது பார்த்துவிடலாம். வெட்டிய கரும்பு லாரிக்காகக் காத்துக் காயவேண்டிய நிலை வராது.